மாலையும் கையுமாக ஒரு தாய்மாமன்

மாலையைத் தூக்கிக்கொண்டு மேடையேறும்போதே அழகுராஜாவுக்கு வேட்டியின் மேல் நம்பிக்கை போய்விட்டது.

பெல்ட் போட்டிருந்தான். உள்ளே டவுசரும் இருந்தது. இருந்தாலும் வாடிப்பட்டி மண்டபத்தில் கூடியிருந்த சனம் பூராவும் தன் இடுப்பையே பார்ப்பதாகப் பட்டது.

அவன்தான் தாய்மாமன். வயது பதிமூன்று.

மேடையில் பட்டுச்சேலை கட்டி உட்கார்ந்திருந்த சத்யப்ரியா அவனுடைய அக்கா மகள். அவளுக்கும் பதிமூன்றுதான். அக்காவுக்குத் தலைப்பிள்ளையாக அவள் பிறந்து மூன்று மாதம் கழித்து, அக்காவின் அம்மாவுக்கே கடைக்குட்டியாக இவன் வந்து சேர்ந்தான். அக்காவுடன் பிறந்த ஆண்பிள்ளை வேறு யாரும் கிடையாது.

அவள் வயதுக்கு வந்துவிட்டாள் என்றதும் இவனை மாமனாக நிறுத்திவிட்டார்கள். இவன் வயதுக்கு வந்தானா என்று யாரும் கேட்கவில்லை.

வாசலில் இருந்த ஃப்ளெக்ஸில் அவன் படத்துக்குக் கடைக்காரரே பார்த்து ஒரு மீசை வைத்துவிட்டார். அதுகூடப் பரவாயில்லை. தொண்டைதான் ஒரு மாதமாகச் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. கனமாக ஆரம்பிக்கிற சொல் கீச்சென்று முடிந்தது. அதனால் விசேஷம் முடியும்வரை வாயைத் திறப்பதில்லை என்று முடிவு செய்திருந்தான்.

அவனுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். சத்யா அவனை வகுப்பிலும் 'டேய்' என்பாள், வீட்டிலும் 'டேய்' என்பாள். இன்றைக்குச் சபையில் ஒரே ஒரு தடவை 'மாமா' என்று கூப்பிட வேண்டும். இல்லாவிட்டால் மானம் கப்பலேறிவிடும். நேற்று கெஞ்சிப் பார்த்தான். யோசிக்கிறேன் என்றாள்.

மாமன் மாலை போடலாம் என்றார்கள். மேளம் நின்றது.

மாலை கழுத்துக்கு வருமுன் சத்யா கையால் தடுத்தாள்.

"மாமா," என்றாள், கடைசி வரிசைக்கும் கேட்கும்படி. "சனிக்கிழமை திருமங்கலத்துல கபடி செலக்சன். இனிமே வெளையாட்டே கூடாதுன்னுட்டாரு அப்பா. நீங்க கேளுங்க மாமா."

ஒரு தடவை கேட்டதற்கு இரண்டு தடவை கிடைத்தது.

அவளுடைய அப்பா முத்துப்பாண்டி, சற்றுமுன்தான் அழகுராஜாவைப் பந்தியில் தண்ணீர் வைக்கச் சொல்லி விரட்டியவர். ஆனால் தாய்மாமன் முறுக்கிக்கொண்டால் விசேஷம் நின்றுபோகும். அது அவருக்கும் தெரியும், சபைக்கும் தெரியும். சத்யாவுக்கு எல்லாரையும்விட நன்றாகத் தெரிந்திருக்கிறது.

மாலை கனத்தது. மண்டபமே அவன் வாயைப் பார்த்தது.

"மச்சான், அவ வெளையாடட்டும். சரின்னு சொன்னாத்தான் மாலை."

'மச்சான்' ஆம்பளைக் குரலில் வந்தது. 'மாலை' கோழிக்குஞ்சாக முடிந்தது. பந்திப் பக்கம் யாரோ சிரித்தார்கள். அவன் ஒரு அடி பின்னால் போனானே தவிர மாலையை இறக்கவில்லை.

முத்துப்பாண்டி பல்லைக் கடித்தார். கூடியிருந்த பங்காளிகளைச் சுற்றிலும் பார்த்தார். பிறகு, மாப்ள சொன்னாச் சரிதான், மாலையப் போடுங்க என்றார். இவனைப் பார்த்து அவர் 'போடுங்க' என்றது அதுதான் முதல் தடவை.

அழகுராஜாவுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. குனிந்து மாலையைப் போட்டான்.

சத்யா தலையைக் குனிந்தபடியே, உதடு அசையாமல் அவன் காதில் சொன்னாள்.

"எறங்கிப் போயிறாதடா. அப்பாகிட்டக் கேக்க இன்னும் ரெண்டு இருக்கு."