வேகம் குறையும் இடம்

திருப்பரங்குன்றம் தாண்டி நாற்கரச் சாலையில் ஓரிடத்தில் மட்டும் லாரிகள் தாமாகவே வேகம் குறைத்தன. அங்கே வளைவும் இல்லை, வேகத்தடையும் இல்லை. காரணம் தெரியாமல் வருங்காலப் போக்குவரத்தைக் கணிக்க முடியாது. கணக்கெடுக்க வந்த பொறியாளர் பெர்சி, டீக்கடை மாயக்காளிடம் கேட்டார்.

“என் மக மீனா அடிபட்டுச் செத்த இடம் சார். யூனிபாரத்தோட இன்னும் நடுரோட்டுல நிக்கிறா.”

“நீங்க பாத்தீங்களாம்மா?”

“லாரிக்காரங்க பாத்திருக்காங்க.”

பொழுது சாய்ந்தது. நடுச்சாலையில் யூனிபாரத்தில் ஒரு சிறுமி நின்றாள். பெர்சி சட்டென்று எழுந்துவிட்டார். வந்த லாரி அப்படியே நின்றுவிட்டது.

சிறுமி சாலையைக் கடந்து கடைக்குள் வந்தாள். “அம்மா, பசிக்குது.”

மாயக்காள் அவளை அணைத்துக்கொண்டாள்.

“வேகத்தடை கேட்டுக் கேட்டு அலுத்துப்போச்சு சார். இவ தெனமும் கடக்கணுமே! அதான், டீ குடிக்க வர்ற டிரைவருங்க அம்புட்டுப் பேருகிட்டயும் இவ செத்துட்டான்னு சொல்லிவச்சிருக்கேன்.”