சுந்தரி மேல் பழி

“இன்னைக்கோட அந்தப் பூனைக்கு நம்ம வீட்டுல சோறு முடிஞ்சுதுடி!”

கோட்டயத்தில், தோல் டாக்டர் அறைக்கு வெளியே கையை நீட்டி வைத்துக்கொண்டு கறுவினார் குரியாக்கோஸ். ஒரு வருஷமாக உடம்பெல்லாம் காணாக்கடி. திடீரென்று தடிக்கும், அரிக்கும், மறையும். பழி முழுக்க மனைவி சூசம்மா வளர்க்கும் சுந்தரி மேல்.

“வாயில்லாச் சீவனை ஏன் இச்சாயா கரிச்சுக் கொட்டுறீங்க? பிள்ளைங்க கனடா போனப்புறம் எனக்குன்னு இருக்கறது அது ஒண்ணுதான்.” சூசம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

“அப்ப நான் யாரு?”

“உங்களுக்குச் சொறியவே நேரம் போதலையே!”

காலையில் ரத்தம் எடுத்த டாக்டர் ஷெரின், எது ஒத்துக்கொள்ளவில்லை என்று பார்க்க, சற்று முன்புதான் குரியாக்கோஸின் முன்கையில் மூன்று இடங்களில் ஊசி குத்தியிருந்தார். எதில் எது என்று சொல்லவில்லை. சொன்னால் பூனை ஒவ்வாமைக்குக் குத்திய இடத்தை இவரே சொறிந்து வீங்க வைத்துவிடுவார் என்று சூசம்மா முன்பே போட்டுக் கொடுத்திருந்தாள்.

“பாரு, மூணாவது!” குரியாக்கோஸ் துள்ளினார். அந்த இடம் மட்டும் பணியாரம் போல் உப்பியிருந்தது. “சுந்தரியேதான்!”

“அது மீனுக்குக் குத்தின இடமா இருந்தா?”

“மீனும் போகட்டும். இந்தக் கையில எதனால தடிச்சுதோ, அது சாயங்காலத்துக்குள்ள வீட்டை விட்டு வெளிய போயிடணும். கீவர்கீஸ் புண்ணியவாளன் மேல சத்தியம்! நீயும் பண்ணு.”

சூசம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டே சத்தியம் செய்தாள்.

உள்ளே டாக்டர் அவர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“முதல்ல குத்தினது பூனை. ஒண்ணுமில்ல. ரெண்டாவது மீன். அதுவும் இல்ல.”

“அப்ப மூணாவது?” குரியாக்கோஸின் குரல் இறங்கியது.

“தோலுக்கடியில காவல் செல்கள் இருக்கு சேட்டா. வெளியாள் நுழைஞ்சா ஊரைக் கூட்டும். உங்களுக்கு அதுங்க ஆள் தெரியாம கூப்பாடு போடுது. மூணாவது குத்தினது, காலையில உங்ககிட்ட எடுத்த ரத்தத்தோட தெளிநீர். உங்க உடம்புக்கு ஆகாதது நீங்கதான்! பயப்படாதீங்க, மாத்திரையில அடங்கிடும்.”

சூசம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

“சத்தியம் சத்தியம்தான் இச்சாயா. போற வழியில புதுப் பெட்டி வாங்கணுமா, இல்ல உங்க துணிமணிக்குப் பழசே போதுமா?”