பூவும் பொத்தானும்

"மச்சான், உனக்கு ஒரு நல்ல மாப்பிள்ளையாப் பார்க்கட்டுமா?"

கேட்டுவிட்டுத் தம் நகைச்சுவைக்குத் தாமே சிரித்தார் அத்தான். சோபாவின் மறுகோடியில் இருந்த வெல்டர் நிமிரவில்லை. வளையத்தில் இறுக்கிய வெள்ளைத் துணியில், பச்சை நூலால் ஓர் இலையின் நரம்பை இழுத்துக்கொண்டிருந்தான்.

அத்தான் அந்த வளையத்தை வெடுக்கென்று பிடுங்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"அடேயப்பா! பின்பக்கம்கூட இவ்வளவு சுத்தமா! யாருடா பார்க்கப் போறாங்க? பெண் பார்க்க வர்றவங்களா?"

வளையம் அவன் மடியில் வந்து விழுந்தது.

பட்டறையில் அவனுக்குக் 'கரடி' என்று பெயர். அகன்ற தோள், குறைந்த பேச்சு, முன்கை முழுவதும் தீப்பொறித் தழும்புகள். ஆண்டிறுதி விடுமுறைக்குப் பட்டறையைப் பூட்டிவிட்டார்கள். சும்மா இருந்து பழக்கமில்லாதவன், பரணிலிருந்து பழைய ஊசிப் பெட்டியை இறக்கினான். சிறுவயதில் கால் முறிந்து மாவுக்கட்டோடு கிடந்தபோது அம்மாவிடம் கற்ற எம்பிராய்டரி. வேலைக்குப் போனபின் விட்டுப்போனது. வளையத்தை மறுபடி கையில் எடுத்த நாள் முதல் அவனுக்கு நல்ல தூக்கம் வந்தது. ஷிப்டு மாறி மாறிக் கெட்டுப்போன தூக்கம் அது.

விடுமுறைக்கு வந்திருந்த அக்காவோ அவனைச் சமையலறையில் மடக்கினாள்.

"டேய், அந்தப் பெட்டியை மேல ஏத்திடுடா. உனக்குப் புண்ணியமாப் போகும்."

"அத்தான் கேலி பண்றாரேன்னு பார்க்கறியா?"

"கேலி பண்ணா பண்ணிட்டுப் போறார். கண்டுபிடிச்சுட்டார்னா? அந்தக் கைக்குட்டை நீ போட்டதுன்னு தெரிஞ்சா, நான் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு அவர் முன்னாடி நிப்பேன்?"

திருமணம் நிச்சயமானவுடன் அக்கா மாப்பிள்ளைக்கு ஒரு கைக்குட்டை கொடுத்திருந்தாள். மூலையில் நீலப் பூக்கள் பூத்த ஒரு சிறு கொடி. 'நானே போட்டேன்' என்று வாய்கூசாமல் சொல்லியும் வைத்தாள். போட்டவன் தம்பி. அத்தானோ அதை இன்றளவும் பர்சில் மடித்து வைத்துக்கொண்டு, கண்டவர்க்கெல்லாம் எடுத்துக் காட்டி வருகிறார்.

"அவராவது, கண்டுபிடிக்கறதாவது!" என்றான் வெல்டர்.

அத்தான் விமான நிலையத்தில் சுங்க அதிகாரி. 'பெட்டியைத் திறக்கவே வேண்டாம், தூக்கிட்டு வர்றவன் முழியே சொல்லிடும்' என்பது அவர் ஓயாமல் அடிக்கும் தம்பட்டம். அதைக் கேட்கும்போதெல்லாம் வெல்டருக்கு உள்ளுக்குள் இளக்காரம் பொங்கும். சொந்தப் பர்சுக்குள்ளேயே கடத்தல் சரக்கு. இவர் ஊரார் பெட்டியை மோப்பம் பிடிக்கிறாராம். வடிகட்டின ஏமாளி!

அன்று மாலை ஏமாளி பர்சைத் திறந்தார்.

"இதைப் பார்றா. இதுக்குப் பேருதான் கைவேலை! உங்கக்கா போட்ட கொடி எப்படி வளையுது பாரு. உன் கொடி ஜன்னல் கம்பி மாதிரி நிக்குது."

அக்கா துடைத்த தட்டையே மீண்டும் துடைத்தாள். "விடுங்களேன். பொழுது போகாம ஏதோ பண்றான்."

"என்னத்த விடறது? ஆம்பளை பொத்தான் தைக்கலாம். என் பொத்தானை நான் தைச்சுக்கலையா? பூப் போடலாமா?"

"துணிக்குத் தெரியுமா அத்தான், ஆம்பளைக் கையா, பொம்பளைக் கையான்னு?"

"துணிக்குத் தெரியாது. என் கண்ணுக்குத் தெரியும்!"

அக்காவின் கையிலிருந்து தட்டு நழுவியது. அவள் முகம் வெளுத்ததைக் கண்டபின் வெல்டருக்கு ஊசி ஓடவில்லை. தன் தூக்கம் போனாலும் போகட்டும், அவள் மானம் நிற்கட்டும் என்று தேற்றிக்கொண்டான்.

மறுநாள் அக்கா கடைக்குப் போனதும், பெட்டியைக் கட்டி ஸ்டூலின்மேல் ஏறினான்.

"எங்கடா ஏத்தற?" அத்தான் வாசற்படியில் நின்றார்.

"பரணுக்கு. நீங்க இனி நிம்மதியா இருங்க."

அத்தான் தெருப்பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்தார். பின்பு பர்சிலிருந்து கைக்குட்டையை எடுத்து விரித்தார். மடிப்போரம் நைந்து, ஒரு நீலப் பூ நூல் பிரிந்து தொங்கியது.

"முதல்ல இதைச் சரி பண்ணு. அதே நீலம் இருக்கா, தீர்த்துட்டியா?"

வெல்டர் ஸ்டூலிலேயே உறைந்தான். "இது... அக்கா போட்டது..."

"உங்கக்காவா? கல்யாணம் ஆன புதுசுல என் சட்டைக்கு ஒரு பொத்தான் தைச்சா. தெருமுனை தாண்டறதுக்குள்ள விழுந்துடுச்சு. அப்பவே தெரியும், பூப் போட்டது வேற கைன்னு. யாருன்னுதான் தெரியல. இந்த லீவுல உன் வளையத்தைத் திருப்பினேன். பின்னாடி ஒரு முடிச்சுகூட இல்ல. இதுலயும் இல்ல. பெரிய கடத்தல்காரன்தான் நீ!"

"அக்காகிட்டக் கேட்கலையா?"

"எதுக்கு? இதை நான் வெளியே எடுக்கறப்பல்லாம், திருட்டு முழியோட காபி கொண்டுவந்து வைப்பா பாரு, அந்த அழகை நான் கெடுத்துக்குவேனா?"

"அப்புறம் ஏன் என்னை இந்தப் பாடு படுத்தினீங்க?"

"மரமண்டை! நான் கேலி பண்ணலைன்னா, எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு அவ கண்டுபிடிச்சுட மாட்டாளா?"

வெல்டர் இறங்கி, பெட்டியைச் சோபாவின் மேலேயே வைத்தான்.

"இது இனிமே இங்கதான் இருக்கும் அத்தான். நீங்க பாட்டுக்குக் கேலி பண்ணுங்க."