கால்மாட்டில்

குடத்தில் பாதிதான் தண்ணீர் ஊற்றினார்கள்.

"போதும்டா. ஆபீஸ் பய. முழுக்குடம் தாங்க மாட்டான்" என்றார் சடையாண்டி.

மூட்டைக்காரர்கள் சிரிப்பைத் துண்டுக்குள் அமுக்கிக்கொண்டார்கள். பருப்புக் கிட்டங்கியில் அவன் அப்பாவோடு சுமை தூக்கியவர்கள். இன்று அப்பாவையும் அவர்கள்தான் தூக்கிவந்து விறகின் மேல் கிடத்தியிருந்தார்கள். ஒருவருக்கும் மூச்சு வாங்கவில்லை.

பாதி போதும் என்று அவனே சொல்லலாம் என்றுதான் இருந்தான். அந்த ஆள் முந்திக்கொண்டதுதான் எரிச்சல்.

இடது தோளில் குடம் ஏறியது.

முதல் சுற்று. மயானக்காரர் அரிவாள் நுனியால் குடத்தில் பொத்தலிட்டார். தண்ணீர் முதுகில் வழிந்தது.

இரண்டாவது சுற்றில் இடது கால் மரத்துப்போனது.

நாற்காலி கொடுத்த வியாதி. காலையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் இருட்டிய பிறகுதான் எழுந்திருப்பான். சோறும் அதே மேசையில். முதுகு வலித்து நாலு எட்டு நடந்தால், வேலை இல்லையா என்று ஒரு பார்வை வரும். முதுகெலும்பில் டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்று டாக்டர் படத்தைக் காட்டினார். குனியாதே. கனம் தூக்காதே. ரொம்ப நேரம் உட்காராதே.

நேற்றுச் சாவுச் செய்தி கேட்டு, சென்னையிலிருந்து ராத்திரி முழுக்க பஸ்ஸில் உட்கார்ந்துதான் வந்தான்.

அப்பாவிடம் இதைச் சொன்னதில்லை. நூறு கிலோ மூட்டையை முதுகில் வாங்கிய மனுஷனிடம் என்னவென்று சொல்வது? சும்மா உட்கார்ந்து இடுப்புப் போச்சு என்றா?

"எம்மவனுக்கு உக்காந்து சாப்பிடுற வேலை." கிட்டங்கி முழுக்கச் சொல்லித் திரிந்தார் அப்பா. சடையாண்டியிடம் இரண்டு தடவை கூடுதலாகவே சொல்லியிருப்பார். சடையாண்டியின் மகனும் மூட்டைதான் தூக்குகிறான்.

மூன்றாவது சுற்று முடிந்தது.

குடத்தைத் தோளிலிருந்து பின்பக்கம் விட்டான். உடைந்தது.

விழாமல் முடித்துவிட்டான். சடையாண்டியை ஒரு பார்வை பார்த்தான்.

மயானக்காரர் கொள்ளியைப் பற்றவைத்துக்கொண்டே சொன்னார். "கால்மாட்டுல விழுந்து கும்பிட்டுக்க தம்பி. அப்புறம் கொள்ளி வைக்கலாம்."

விழுந்தான்.

இடுப்பில் பளிச்சென்று வெட்டியது. அப்படியே பிடித்துக்கொண்டது.

கையை ஊன்றினான். உடம்பு வரவில்லை.

இன்னொரு தடவை ஊன்றினான். வாயெல்லாம் மண்.

தூக்கி விடுங்கள் என்று ஒரு வார்த்தை போதும். சுற்றி நிற்கிற அத்தனை பேருக்கும் தூக்குவதுதான் தொழில்.

சடையாண்டி முன்னாலா கேட்பது?

யாரோ ஒருவர் அவன் பக்கம் குனிந்தார்.

"ஏய், தொடாத அவன!" சடையாண்டியின் குரல் கம்மியிருந்தது. "அழட்டும் விடு. காலைல இருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடலையே, என்ன புள்ளடா இவன்னு நானே வஞ்சுக்கிட்டு இருந்தேன்."

குனிந்தவர் விலகிக்கொண்டார். மற்றவர்களும் ஓரடி பின்னால் போனார்கள். சடையாண்டி மூக்கைச் சிந்தினார்.

மண்ணில் முகம் புதைந்தபடி அவன் கிடந்தான். நாசமாய்ப் போகிற நாற்காலி.

மெல்லத் தோளைக் குலுக்கினான்.

இடுப்பு சுண்டி இழுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடியும் குலுக்கினான்.

"நல்லா அழுய்யா" என்றார் சடையாண்டி. "அப்பனுக்கு அழாம வேற யாருக்கு அழப்போற."

மயானக்காரர் கையில் கொள்ளி எரிந்து எரிந்து குட்டையாகிக்கொண்டிருந்தது.