மாமியார் கட்டிய பச்சைப் பட்டை

ஆதிரையின் நாடியையும் ரத்த அழுத்தத்தையும் கண்காணிக்கும் மணிக்கட்டுப் பட்டை பச்சையாக இருக்கும்வரைதான் பிரசவ இல்லத்தில் மருத்துவச்சி ரோசாலியிடம் பிள்ளை பெறலாம். நிறம் மாறினால் பெரிய ஆஸ்பத்திரி, கத்தி. அந்த அடுக்ககத்தில் பச்சைக்காரி என்றால் கலெக்டருக்கு ஒரு படி மேல். மாமியார் சாந்தகுமாரி லிஃப்டில் ஏறுகிறவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டாள்.

வளைகாப்பன்று கூட்டத்தைப் பார்த்ததும் பட்டை மஞ்சளடிக்கத் தொடங்கியது.

"பயந்து தொலைக்காதடி, மானம் போகுது" என்று கிசுகிசுத்த மாமியார், முந்தானை மறைவில் அதைக் கழற்றித் தன் கையில் மாட்டிக்கொண்டாள். உடனே பச்சை. எதற்கும் பயந்தறியாத பிறவி. மாமியார் கையிலும் அதன்மேல் யாரோ கண்ணாடி வளையல்களை அடுக்கிவிட்டார்கள். பிரசவத்துக்கு முன் கழற்றினால் அபசகுனமாம். ரோசாலிதான் வேண்டுமென்று ஆதிரையும் வாயை மூடிக்கொண்டாள்.

மறுவாரம் ஆதிரைக்கு வலியில் தலை பிளந்தது. கண்முன் பூச்சி பறந்தது. ரோசாலியைப் போனில் அழைத்தாள்.

"இங்க என் திரையில பச்சைதானே காட்டுது கண்ணு? நிம்மதியா படு."

"அக்கா, அந்தப் பட்டை..."

மாமியார் போனைப் பிடுங்கினாள். "பச்சையைக் கெடுத்துடாதடி!"

"அத்தை, உங்க முகம் தெரியல. எதுவுமே தெரியல."

சாந்தகுமாரி முதல்முறையாகப் பயந்தாள். பட்டை சிவந்தது. ஆளில்லா ஆம்புலன்ஸ் வாசலுக்கே வந்தது. மாமியார் மருமகளை இழுத்துக்கொண்டு ஓடினாள்.

"கர்ப்பிணி மட்டும் ஏறவும்" என்று மாமியார் கைப் பட்டையைப் பார்த்துத் திறந்த கதவு, பட்டையில்லாத ஆதிரை காலை வைத்ததும் மூடிக்கொண்டது.

இருட்டுக்குள் ஆதிரைக்கு மாமியாரின் வளையல்கள் வாசல் சுவரில் மோதி உடையும் சத்தம் கேட்டது.

"கையைக் குடுடி, கட்டிவிடறேன்!"

தன் கை எங்கே இருக்கிறதென்று ஆதிரைக்குத் தெரியவில்லை.