சுமார்தான், மாப்பிள்ளை

"கொலைகாரனைக் கடைசி இருபது நிமிஷத்துல கொண்டு வந்து நிறுத்தினா அது துப்பறியும் படமா, மாப்பிள்ளை? அதுவரைக்கும் நாம யாரைச் சந்தேகப்படறது, டிக்கெட் கிழிச்சவரையா?"

அப்பாவின் குரல் மாடிப்படியிலேயே கேட்டது. மருந்துக்கடை வேலை முடிந்து அப்போதுதான் வீட்டுக்குள் நுழைந்திருந்த மகளுக்குத் திக்கென்றது.

"கடைசி வரைக்கும் கண்டுபிடிக்க முடியலையே, மாமா. அதுதானே திறமை?" இது அவள் கணவன்.

"ஆளையே காட்டலை. எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

இரண்டு பேரும் முகம் சிவக்க உள்ளே வந்தார்கள். அவளை ஒருவரும் கண்டுகொள்ளவில்லை.

அப்பா நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அடுத்தவர் பேச்சை எழுதி எழுதியே சொந்தப் பேச்சைத் தொலைத்துவிட்டார் என்று அம்மா உயிரோடு இருந்தவரை கேலி செய்வாள். கணவன் லிஃப்ட் மெக்கானிக். நாள் முழுக்க இருட்டுக் குழிக்குள் தனியாக வேலை. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்கிற ரகம்.

கண் ஆபரேஷனுக்காக அப்பா இங்கே வந்து ஒரு மாதமாகிறது. இந்த ஒரு மாதத்தில் மாமனாரும் மருமகனும் பேசிக்கொண்டது "சாப்பிட்டீங்களா?", "ஆச்சு." அவ்வளவுதான். ஒருவர் கூடத்துக்கு வந்தால் மற்றவர் நாசூக்காகப் பால்கனிக்குப் போய்விடுவார்.

"ஞாயித்துக்கிழமை நான் என் வீட்டுக்கே கிளம்பறேம்மா," என்று நேற்று சொல்லிவிட்டார் அப்பா. "இங்க எல்லாருக்கும் சங்கடமா இருக்கு."

அம்மா இல்லாத அந்த வீட்டில் தனியாக அவர் என்ன செய்வார்? அதனால்தான் இந்தத் துப்பறியும் படத்தின் இரண்டாம் பாகத்துக்கு மூன்று டிக்கெட் எடுத்தாள். முதல் பாகம் மூவருக்குமே பிடித்த படம். கடைசி நேரத்தில் ஆள் வரவில்லையென்று கடையிலிருந்து அவளைக் கூப்பிட்டுவிட, இவர்கள் இருவரும் மட்டும் போகவேண்டியதாகிவிட்டது. போனவர்கள் சண்டையோடு திரும்பியிருக்கிறார்கள்.

சாப்பாட்டு மேஜையிலும் ஓயவில்லை.

"முதல் பாகத்துல ஈரமான ஒரு குடையைப் பார்த்தே ஆளைப் பிடிச்ச துப்பறிவாளர், இதுல மூளையைக் கழட்டி வெச்சுட்டு ஹெலிகாப்டர்ல தொங்கறார்."

"ஹெலிகாப்டரை விடுங்க, மாமா. செத்துப்போனவரோட தங்கச்சி வீட்டுச் சமையலறையில, ஒண்ணுமே கேக்காம சும்மா உட்கார்ந்திருப்பாரே. அந்த ஒரு சீன் போதாதா?"

"அது நல்லாத்தான் இருந்துச்சு, ஒத்துக்கறேன். அதுக்கப்புறம் அந்தத் தங்கச்சி எங்க போனா? டைரக்டரே மறந்துட்டார்."

"சரி, மியூசிக்?"

"வசனத்தைக் கேக்கவே விடலை."

"அதுவும் நல்லதுக்குத்தான், மாமா."

அப்பாவுக்குப் புரையேறியது. தண்ணீர் குடித்து நிதானத்துக்கு வந்ததும் கணவன் விடாமல் தொடர்ந்தான். "அடுத்த வாரம் இன்னொரு தடவை போவோம். நான் சொல்றது தப்புன்னு நீங்க நிரூபிங்க."

"பார்க்கலாம், பார்க்கலாம்," என்று எழுந்து தன் அறைக்குப் போய்விட்டார் அப்பா.

சமையலறையில் கணவனைப் பிடித்துக்கொண்டாள்.

"பெரியவர்கிட்ட ஒரு சினிமாவுக்காக இப்படி மல்லுக்கு நிக்கணுமா? ஞாயித்துக்கிழமை போறவர் நாளைக்கே பெட்டியைத் தூக்கிடுவார்."

அவன் தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்தான்.

"படம் கண்றாவி," என்றான் மெதுவாக. "தனியா போயிருந்தா இடைவேளையிலேயே எழுந்து வந்திருப்பேன்."

"அப்புறம் எதுக்குத் தலையில தூக்கி வெச்சுக்கிட்டு ஆடறீங்க?"

"வெளிய வந்ததும் 'சுமார்தான், மாப்பிள்ளை'ன்னார். இந்த ஒரு மாசத்துல அவரா வாயைத் திறந்து என்கிட்ட பேசினது அதுதான். 'ஆமா, மாமா'ன்னு சொல்லியிருந்தா அதோட முடிஞ்சுபோயிருக்கும். அதனால, எனக்குப் பிடிச்சிருக்குன்னு சொல்லிவெச்சேன். பஸ்ல ஏறினதுலேர்ந்து இறங்கற வரைக்கும் மனுஷன் ஓயவே இல்லை." கையைத் துடைத்துக்கொண்டே லேசாகச் சிரித்தான். "இதுல என்னன்னா, ஆதரிச்சுப் பேசிப் பேசி, அந்தச் சமையலறை சீன் நிஜமாவே நல்ல சீன்தான்னு இப்பத்தான் எனக்கே தோணுது."

அவள் கண்ணுக்கு விடும் சொட்டு மருந்தை எடுத்துக்கொண்டு அப்பாவின் அறைக்குப் போனாள்.

மருந்து விட்டதும் கண்ணை மூடியபடியே அப்பா சொன்னார்: "ஞாயித்துக்கிழமை நான் போகலைம்மா. அடுத்த வாரம் மாப்பிள்ளையோட சினிமாவுக்குப் போகணும்."

மனசிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. "அவ்வளவு மோசமான படத்தை எதுக்குப்பா ரெண்டாவது தடவை பார்க்கணும்?" என்று சிரித்தாள்.

அப்பா ஒற்றைக் கண்ணைத் திறந்து வாசல் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"படம் முடிஞ்சு வரும்போது அவர் முகம் தொங்கிப்போயிருந்துச்சு. பிடிக்கலை போல, நாமளும் ஒத்துப் பேசுவோம்னுதான் சுமார்னு சொன்னேன். பார்த்தா, பிடிச்சிருக்குன்னு பிச்சு உதறறார். அவர் இவ்வளவு பேசி நான் பார்த்ததே இல்லை. நிறுத்த மனசு வரலை. அவர் பேசணும்கறதுக்காகவே குறையாத் தோண்டித் தோண்டி எடுத்தேன்."

"அப்போ உங்களுக்குப் படம்...?"

"ரொம்பப் பிடிச்சிருந்துதும்மா. மாப்பிள்ளைகிட்ட மட்டும் சொல்லிடாதே."