சொந்தக் கால்

"இந்த உதவித்தொகை நின்னுபோச்சுன்னா நான் வேலையை விடணும் மேடம். பச்சைக் குழந்தையை எங்கே விட்டுட்டுப் போவேன்?"

கடைசி வரிசையில் எழுந்து நின்ற பெண் ரொட்டிக் கடைச் சீருடையில் இருந்தாள். முழங்கையில் மாவு ஒட்டியிருந்தது.

கவுன்சிலர் மைக்கைச் சரிசெய்துகொண்டாள். தனியாகப் பிள்ளை வளர்க்கும் பெண்களுக்குக் குழந்தைக் காப்பகச் செலவுக்காக நகரசபை கொடுத்துவந்த பணம் அது. அதை நிறுத்துவது பற்றி மறுநாள் காலை ஓட்டெடுப்பு. சபையில் இரண்டு பக்கமும் சரிசமம். நிறுத்தச் சொல்லும் பக்கம் கவுன்சிலரின் ஓட்டும் விழுந்தால் தீர்மானம் ஜெயித்துவிடும்.

"நானும் உன்னை மாதிரிதாம்மா. வீட்டுக்காரர் விட்டுட்டுப் போனப்போ என் மக தவழக்கூட ஆரம்பிக்கல. அதுக்காக நான் யார்கிட்டயும் போய் நிக்கல. யார் துணையும் இல்லாம, சொந்தக் கால்ல நின்னு, இந்த மேடை வரைக்கும் வந்திருக்கேன். நான் செஞ்சதை நீ ஏன் செய்யக் கூடாது?"

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. அந்தப் பெண் முழங்கை மாவைத் தட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

கவுன்சிலர் வீடு திரும்பியபோது மூன்று வயது மகள் குளித்து, சாப்பிட்டு, படம் வரைந்துகொண்டிருந்தாள். வீட்டோடு இருக்கும் அக்கா தட்டு எடுத்து வைத்தாள்.

"டிவில பார்த்தேன். நல்லா பேசினே."

"கொஞ்சம் ஓவராப் போயிட்டேனோ?"

"சேச்சே. கேட்டதும் எனக்குத்தான் பெரிய பாரம் இறங்கின மாதிரி இருந்துச்சு."

"உனக்கு என்ன பாரம்?"

"என் சிநேகிதி பக்கத்து ஊர்ல தையல் கடை போடறா. கூட்டுச் சேர வான்னு எப்பலேருந்தோ கூப்பிடறா. உன்னை எப்படித் தனியா விட்டுட்டுப் போறதுன்னு நான்தான் தள்ளிப்போட்டுட்டே வந்தேன். நீயானா, யார் துணையும் இல்லாமலே சமாளிச்சேன்னு ஊரறியச் சொல்லிட்டே. இனி எனக்கென்ன கவலை? நாளைக்குக் கடை திறக்கறா. விடியற்காலை பஸ்ல கிளம்பிடறேன்."

குத்திக்காட்டுகிறாளோ என்று கவுன்சிலர் அக்காவின் முகத்தையே பார்த்தாள். அப்படி ஒன்றும் தெரியவில்லை. அக்கா நிஜமாகவே சந்தோஷமாக இருந்தாள். வெகுநாள் கழித்து அவள் முகத்தில் அப்படி ஒரு களை.

போகாதே என்று சொல்லலாம். சொன்னால், மைக்கில் பேசியது அத்தனையையும் விழுங்க வேண்டும்.

"நல்லபடியா போயிட்டு வாக்கா" என்றாள்.

காலையில் மகள் எழுந்ததும் கேட்ட முதல் கேள்வி, "பெரியம்மா எங்கே?"

அதற்குப் பிறகு எதுவும் ஓடவில்லை. பால் சூடு என்றாள் மகள். ஆற்றிக் கொடுத்தால் ஆறிப்போச்சு என்றாள். தலைவாரப் போனால், பெரியம்மா இப்படி இழுக்க மாட்டாங்க என்று சீப்பைத் தட்டிவிட்டாள்.

எதிர்வீடு பூட்டிக் கிடந்தது. கட்சிப் பெண்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு சோலி. காப்பகத்துக்குப் போன் போட்டால், "முன்கூட்டியே பதிவு பண்ணணும் மேடம். திடீர்னு சேர்த்துக்க முடியாது" என்றார்கள். சபைக்குள் பிள்ளைகளை அனுமதிப்பதில்லை.

போன் அடித்தது. நகரசபைத் தலைவர்.

"எங்கேம்மா இருக்கே? எல்லாரும் வந்தாச்சு. உன் ஓட்டு இல்லேன்னா தீர்மானம் தோத்துப்போயிடும்."

"இன்னைக்கு என்னால வர முடியாதுங்க."

"உடம்பு சரியில்லையா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் யாரும் சந்தேகப்பட்டிருக்க மாட்டார்கள். வாய் வரைக்கும் வந்தது. நேற்று முழங்கையில் மாவோடு எழுந்து நின்ற அந்தப் பெண்ணின் முகமும் கூடவே வந்தது.

"உடம்பு நல்லாத்தான் இருக்கு. பிள்ளையைப் பார்த்துக்க ஆள் இல்லைங்க" என்றாள்.